ஊசியில் மாறிய மனம்

பக்கத்துக்குப் பக்கம் மிரட்டிய தாமஸ் ஹாரிஸின் 'ஹானிபல்', கடைசியில் தன் கதாநாயகியையே தொலைத்துவிட்டது.

ப்யூனஸ் அயர்ஸ் நகரின் புகழ்பெற்ற டியாட்ரோ கோலோன் இசை அரங்கம். பட்டும் வைரமுமாக வந்திருக்கும் கூட்டத்தில், தனி மாடத்தில் அமர்ந்திருக்கும் ஒரு ஜோடியின் மீது பார்னியின் பார்வை விழுகிறது. பார்னி ஒரு காலத்தில் பால்டிமோரில் மனநோய்க் குற்றவாளிகளுக்கான மருத்துவமனையில் காவல் ஊழியனாக இருந்தவன். அந்த ஆணை அவனுக்கு நன்றாகத் தெரியும்: மனிதர்களைக் கொன்று சமைத்துச் சாப்பிட்ட மனோதத்துவ நிபுணர், டாக்டர் ஹானிபல் லெக்டர். பக்கத்தில் இருக்கும் பெண்ணையும் தெரியும்: அவரைத் தேடிப் பிடித்திருக்க வேண்டிய எஃப்.பி.ஐ. அதிகாரி கிளாரிஸ் ஸ்டார்லிங். இப்போது இருவரும் காதலர்கள். பார்னிக்கு அதற்கு மேல் அந்த ஊரில் இருக்கத் தைரியம் வரவில்லை. கிளம்பிவிடுகிறான்.

1999 ஜூனில் ஹானிபல் வெளியானபோது வாசகர்களில் ஏராளமானோர் பார்னியின் நிலையில்தான் இருந்தார்கள். பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்ட சங்கடம். புத்தகத்தைப் பாதியில் மூடி வைக்க முடிந்திருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது. ஆனால் ஹாரிஸ் அதற்கு இடம் தரவில்லை. அவ்வளவு விறுவிறுப்பாக இழுத்துக்கொண்டு போய், அப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். (நாவலின் முடிவு மேலே போட்டு உடைக்கப்பட்டுவிட்டது. முடிவைப் பற்றியே பேச வேண்டியிருக்கும்போது வேறு வழியில்லை. புத்தகம் வந்தும் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.)

ஹாரிஸ் அவசரமாக எழுதுகிறவர் அல்ல. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் நிருபராக இருந்து நாவலுக்கு வந்தவர். முதல் நாவல் 1975ல். 1981ல் வந்த 'ரெட் டிராகன்' நாவலில் லெக்டர் ஓரப் பாத்திரம். 1988ல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' நாவலில் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டார். 1991ல் ஜோனதன் டெம்மி இயக்கிய படம், சிறந்த படம், இயக்குனர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் வாரிக்கொண்டது. லெக்டராக ஆன்தனி ஹாப்கின்ஸும் ஸ்டார்லிங்காக ஜோடி ஃபாஸ்டரும் மக்கள் மனதில் பதிந்துபோனார்கள். அடுத்த நாவலுக்கு நாவல் வாசகர்கள் 11 வருடங்கள் காத்திருந்தார்கள்.

எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'லாம்ப்ஸ்' நாவலில் அடைபட்டிருக்கும் லெக்டரிடம் பயிற்சி மாணவியான ஸ்டார்லிங் துப்புக் கேட்டுப் போகிறாள். அவர் சும்மா தருவதில்லை. ஒரு துப்புக்கு அவளுடைய ஒரு ஞாபகம் என்று பண்டமாற்று நடக்கிறது. காவல் வேலையில் இருந்த அப்பா சுடப்பட்டு இறந்தது, உறவினரின் பண்ணையில் போய் வளர்ந்தது, அங்கே ஒரு விடிகாலையில் அறுபடும் ஆட்டுக்குட்டிகளின் அலறல் கேட்டு விழித்தது எல்லாம் அப்படித்தான் வெளியே வருகின்றன. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு மனம், இந்தப் பக்கம் ஒரு மனம். கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் படிக்கிறவருக்கு வியர்க்கும். மனோதத்துவ த்ரில்லர் என்ற வகைக்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்வது கடினம். லெக்டர் தன் மனதுக்குள் வந்து துழாவ அவள் அனுமதித்தாள். ஆனால் அதை அவர் கையில் கொடுத்துவிடவில்லை. அவளுடைய வெற்றியே அதுதான்.

தமிழில் எழுதும்போது லெக்டரை 'அவர்' என்பதா, 'அவன்' என்பதா என்று ஒரு சிக்கல் வரும். ஆங்கிலத்தில் இந்தத் தலைவலி கிடையாது. கொலைகாரன் என்றால் 'அவன்', டாக்டர் என்றால் 'அவர்'. ஸ்டார்லிங் மரியாதையோடு டாக்டர் என்றே அழைப்பதால் இங்கேயும் 'அவர்'.

ஹானிபல் நாவல் ஏழு வருடங்கள் கழித்து ஒரு மீன் மார்க்கெட்டில் தொடங்குகிறது. ஹாரிஸ் எழுதியதிலேயே சிறந்த அத்தியாயங்களில் ஒன்று அது. வாஷிங்டனில் போதை மருந்து வியாபாரியான எவெல்டா என்ற பெண்ணைப் பிடிக்கப் பல துறைகளின் ஆட்கள் கலந்த ஒரு படை போகிறது. அதில் ஸ்டார்லிங்கும் இருக்கிறாள். மார்க்கெட்டில் கூட்டம் அதிகம், வேண்டாம் என்று அவள் சொல்லியும் கேட்காமல் காரியம் தொடர்கிறது. துப்பாக்கிச் சண்டையில் அவளுடைய நெருங்கிய சகா செத்து விழுகிறார். எதிரில் வரும் எவெல்டாவின் மார்பில் துணியால் கட்டிய கைக்குழந்தை. அதன் மறைவில் துப்பாக்கி. ஸ்டார்லிங் சுடுகிறாள். எவெல்டா எச்.ஐ.வி. தொற்று உள்ளவள் என்பது அவளுக்குத் தெரியும். மீன் வெட்டும் மேடையில் குழந்தையைக் கிடத்தி, அதன் மேல் தெறித்த தாயின் ரத்தத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறாள். கேமராக்கள் அதைப் படம் பிடிக்கின்றன. மறுநாள் அவள் நாட்டின் கண்ணில் ஒரு கொலைகாரி.

மேலிடத்துக்குப் பழி போட ஓர் ஆள் தேவை. அவளை ஆளாக்கிய ஜாக் கிராஃபோர்டுக்கு வயதாகிவிட்டது. செல்வாக்கும் போய்விட்டது. நீதித் துறை அதிகாரி பால் கிரென்ட்லர் ஒரு காலத்தில் அவளிடம் வழிந்து மூக்குடைபட்டவர். அந்தக் கணக்கை இப்போது தீர்த்துக்கொள்கிறார். திறமையும் நேர்மையும் உள்ள ஒரு பெண் அரசு அலுவலகத்தில் எப்படி ஓரம் கட்டப்படுகிறாள் என்பதை ஹாரிஸ் ஒரு நிருபரின் கண்ணோடு எழுதியிருக்கிறார். வராத பதவி உயர்வு, அறைக்குள் நுழைந்ததும் நின்றுபோகும் பேச்சு, முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. கொலை கொள்ளை எதுவும் இல்லாமலே இந்தப் பக்கங்கள் நெஞ்சை அழுத்துகின்றன. டில்லியிலோ மும்பையிலோ அலுவலகம் போய்வரும் எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு கதை புளோரன்ஸுக்குத் தாவுகிறது. தப்பி ஓடிய லெக்டர் அங்கே டாக்டர் ஃபெல் என்ற பெயரில், பழைய மாளிகை ஒன்றின் நூலகத்தை நிர்வகிக்கும் அறிஞராக வாழ்கிறார். அவரை அடையாளம் கண்டுகொள்கிற போலீஸ் அதிகாரி ரினால்டோ பாட்ஸி. ஒரு தொடர் கொலை வழக்கில் பேரைக் கெடுத்துக்கொண்டவர். வீட்டில் அழகான இளம் மனைவி, பையில் காசில்லை. லெக்டரைச் சட்டத்திடம் ஒப்படைத்தால் கெளரவம் திரும்பும். அமெரிக்கக் கோடீஸ்வரன் ஒருவனிடம் விற்றால் 30 லட்சம் டாலர். பாட்ஸி விற்கத் தீர்மானிக்கும் அந்தச் சில நிமிடங்களை ஹாரிஸ் எழுதியிருக்கும் விதத்துக்காகவே நாவலைப் படிக்கலாம். எந்த மருந்தும் மந்திரமும் இல்லை. ஒரு சாதாரண மனிதன் தன்னிடமே பொய் சொல்லிக்கொண்டு படிப்படியாகச் சரிகிறான். வாசகர் 'வேண்டாமய்யா' என்று மனதுக்குள் கத்துகிறார்.

பாட்ஸி என்பது புளோரன்ஸ் சரித்திரத்தில் உள்ள பெயர். 1478ல் மெடிச்சி குடும்பத்துக்கு எதிராகச் சதி செய்த பிரான்செஸ்கோ பாட்ஸி, பலாட்ஸோ வெக்கியோ கட்டடத்தின் ஜன்னலில் தூக்கில் தொங்கவிடப்பட்டார். நாவலின் பாட்ஸி அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல். தாந்தேயின் காவியத்தில் பேராசைக்காரர்களும் தூக்கில் தொங்கியவர்களும் பற்றி லெக்டர் ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறார். பாட்ஸியும் உட்கார்ந்து கேட்கிறார். கேட்டு முடித்த பிறகு அவருக்கு நேர்வது என்ன, அது எந்த ஜன்னலில் என்பதை யூகிக்க முடியும். யூகித்த பிறகும் பயம் குறைவதில்லை. புளோரன்ஸைச் சுற்றிக் காதல் ஜோடிகளைக் கொன்ற 'மான்ஸ்டர்' வழக்கின் விசாரணையை 1994ல் ஹாரிஸ் நேரில் போய் உட்கார்ந்து கவனித்தவர். ஊரின் கல்லும் ஈரமும் போலீஸ்காரர்களின் அலுப்பும் அப்படியே இறங்கியிருக்கின்றன.

லெக்டரை விலைக்குக் கேட்கும் கோடீஸ்வரன் மேசன் வெர்ஜர். இறைச்சி வியாபாரக் குடும்பத்தின் வாரிசு, குழந்தைகளைக் கெடுத்தவன். ஒரு காலத்தில் லெக்டரிடம் சிகிச்சைக்குப் போனவன். அவர் போதையைக் கொடுத்து, அவன் கையாலேயே அவன் முகத்தை அறுத்துக்கொள்ள வைத்தார். இப்போது படுத்த படுக்கையாக, பழிவாங்க சார்டீனியாவில் மனிதக் கறி தின்னும் பன்றிகளை வளர்க்க வைத்திருக்கிறான். இந்தப் பகுதி கொஞ்சம் மிகை. 'காமிக்ஸ்' வாடை அடிக்கிறது. ஆனால் மேசனுக்கு லெக்டர் செய்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

கடைசிக்கு முந்தைய கட்டத்தில், பொய்க் குற்றச்சாட்டில் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட ஸ்டார்லிங், மேசனின் ஆட்கள் லெக்டரைக் கடத்திப் போவதைப் பார்க்கிறாள். யாரும் அவளை நம்பவில்லை. தனியாகவே பண்ணைக்குள் நுழைகிறாள். லெக்டர் மீது பரிவு வந்து அல்ல. எத்தனை கொடியவனானாலும் சட்டம்தான் தண்டிக்க வேண்டும், பன்றிக்குப் போடக் கூடாது என்பது அவள் கட்சி. துறை அவளைக் கைவிட்ட பிறகும் அவள் துறையின் தர்மத்தைக் கைவிடவில்லை. 1988லிருந்து ஹாரிஸ் செதுக்கி வந்த பாத்திரம் முழு உயரத்தில் நிற்கும் இடம் இது. மயக்க ஊசி அவள் மீது பாய்கிறது. அவள் அவிழ்த்துவிட்ட லெக்டர் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

இங்கே நாவல் முடிந்திருந்தால்கூடப் பாதகமில்லை.

அதற்குப் பிறகு வருவது ஒரு கடலோர வீடு. நாட்கள் நகர்கின்றன. லெக்டர் அவளுக்கு மருந்து ஏற்றுகிறார், ஹிப்னாட்டிசம் செய்கிறார், பேச வைக்கிறார். புதைகுழியிலிருந்து எடுத்து வந்த அவள் அப்பாவின் எலும்புகளை அவள் முன் வைத்து விடைபெறச் சொல்கிறார். பிறகு ஒரு விருந்து. கிரென்ட்லர் நாற்காலியில் கட்டப்பட்டு உயிரோடு இருக்கும்போதே அவர் மூளை சமைக்கப்படுகிறது. ஸ்டார்லிங்கும் சாப்பிடுகிறாள். அன்றிரவே லெக்டரைக் காதலனாக ஏற்கிறாள். மூன்று வருடங்கள் கழித்து ப்யூனஸ் அயர்ஸ்.

இதைக் கண்டித்தவர்களில் பலர் அருவருப்பைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அது பலவீனமான காரணம். லெக்டர் கதையை வாங்குகிறவர் விருந்தில் என்ன பரிமாறப்படும் என்று தெரிந்தே வாங்குகிறார். தீமை வென்றுவிட்டது என்பதும் குற்றம் அல்ல. தீமை வெல்லும் நல்ல நாவல்கள் எத்தனையோ உண்டு. நேர்மையான பெண் ஒரு கொலைகாரனின் பக்கம் சாய்வதும் எழுதக் கூடாத விஷயம் அல்ல. துறை அவளை நடத்திய விதத்தைப் பார்த்தால், அவள் எல்லாவற்றையும் உதறிவிட்டு இருட்டுக்குள் நடந்திருந்தால்கூட வாசகர் நம்பியிருப்பார். பதறியிருப்பார், ஆனால் நம்பியிருப்பார்.

ஹாரிஸ் அவளை நடக்க விடவில்லை. தூக்கிக்கொண்டு போகவிட்டார். பாட்ஸி விலைபோனது அவனுடைய முடிவு. அதனால்தான் அது பயங்கரம். ஸ்டார்லிங் மாறியதில் எவ்வளவு அவள், எவ்வளவு மருந்து? நாவல் பிடி கொடுக்காமல் நழுவுகிறது. மேசனின் கையில் கண்ணாடித் துண்டைப் பிடிக்க வைத்ததும் போதைதான். ஸ்டார்லிங்கின் கையில் முள்கரண்டியைப் பிடிக்க வைத்ததும் அதே மாதிரிச் சரக்குதான். முதலாவதைக் குரூரம் என்று காட்டிய ஆசிரியர், இரண்டாவதை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காதல் என்கிறார். 'லாம்ப்ஸ்' நாவலில் கம்பிக்கு இப்பால் உட்கார்ந்துகொண்டு அவள் காப்பாற்றிய மனதை, பதினோரு வருடம் கழித்து ஓர் ஊசி எடுத்துக்கொண்டுவிட்டது. மனதோடு மனம் மோதுவதுதான் ஆட்டம் என்று வாசகரை உட்கார வைத்துவிட்டு, கடைசிச் சுற்றில் எதிராளிக்கு மயக்க மருந்து கொடுத்து ஜெயிப்பது என்ன ஆட்டம்?

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியம்: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். முந்தைய நாவல்களின் லெக்டர் முதல் வகை. ஏன் இப்படி ஆனார் என்பதற்கு விளக்கம் கிடையாது. விளக்க முயன்றவர்களை அவரே கேலி செய்தார். ஹானிபல் நாவலில் ஹாரிஸ் அவருக்கு ஒரு குழந்தைப் பருவத்தைக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலம், லித்துவேனியா, பசியில் வெறிபிடித்த ராணுவ ஓடுகாலிகள், அவர்கள் தின்றுவிட்ட தங்கை மிஷா. அதனால்தான் லெக்டர் இப்படி. போதாக்குறைக்கு, இறந்த மிஷாவுக்கு ஸ்டார்லிங்கின் உருவில் இடம் தேடுவதே அவர் திட்டமாம். அணங்குக்கு மருத்துவமனைச் சீட்டு எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிட்டது. பரிதாபப்படலாம், பயப்பட முடியாது. 2006ல் இந்த மிஷா கதையையே 'ஹானிபல் ரைசிங்' என்று தனி நாவலாக நீட்டினார். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

முடிவுக்கு வக்கீல்களும் உண்டு. நியூயார்க் டைம்ஸில் விமர்சனம் எழுதிய ஸ்டீபன் கிங், இந்த நாவலை 'தி எக்ஸார்சிஸ்ட்' பக்கத்தில் வைத்துக் கொண்டாடினார். மார்ட்டின் ஏமிஸ் அதற்கு நேர் எதிராகக் கிழித்துத் தொங்கவிட்டார். ஆதரிப்பவர்களின் வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. லெக்டரின் திட்டம் அவர் நினைத்தபடி நடக்கவில்லை, மிஷாவுக்கு என்னை ஏன் காலி செய்ய வேண்டும், உனக்குள்ளேயே இடம் இல்லையா என்கிற மாதிரி ஸ்டார்லிங்கே திருப்பிக் கேட்டுவிடுகிறாள், கடைசியில் வசப்பட்டது அவர்தான் என்பது அவர்கள் கட்சி. கேட்பது உண்மைதான். அந்தக் கேள்வியில் பழைய ஸ்டார்லிங்கின் கூர்மையும் ஒரு கணம் தெரிகிறது. ஆனால் ஒரு கணம்தான். அதைப் பிடித்துக்கொண்டு அவள் மனதுக்குள் இறங்கியிருக்க வேண்டிய ஹாரிஸ், கதவை மூடிவிட்டு வாசகரைப் பார்னியோடு எட்டத்தில் உட்கார வைத்துவிடுகிறார். அந்த மூன்று வருடங்களில் அவள் காலையில் கண் விழிக்கும்போது என்ன நினைத்தாள்? மீன் மார்க்கெட்டில் அவள் மனதின் ஒவ்வொரு துடிப்பையும் எழுதியவர், மிக முக்கியமான இடத்தில் மெளனமாகிவிட்டார்.

சினிமாக்காரர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். தயாரிப்பாளர் டினோ டி லாரன்டீஸ் படமாக்கும் உரிமைக்கு 1 கோடி டாலர் கொடுத்தார். ஆனால் டெம்மி இயக்க வரவில்லை. ஜோடி ஃபாஸ்டரும் வரவில்லை. ஸ்டார்லிங்காக ஜூலியன் மோர் வந்தார். இயக்க ஒப்புக்கொண்ட ரிட்லி ஸ்காட்டுக்கும் அந்த முடிவில் நம்பிக்கை இல்லை. மாற்றிக்கொள்ள ஹாரிஸ் தடை சொல்லவில்லை என்பதுதான் ஆச்சரியம். 2001ல் வந்த படத்தில் ஸ்டார்லிங் மயக்கத்திலும் சண்டை போடுகிறாள். லெக்டரின் கையோடு தன் கையைச் சேர்த்து விலங்கு பூட்டுகிறாள். வெட்டுக்கத்தியை ஓங்குகிற லெக்டர் அவள் கையை விட்டுத் தன் கையை வெட்டிக்கொண்டு தப்புகிறார். படம் உலகெங்கும் சுமார் 35 கோடி டாலர் வசூலித்தது. ஸ்டார்லிங்கின் மானம் காப்பாற்றப்பட்டது. ஆனால் நாவல் எழுப்பிய அசெளகரியமான கேள்வி, இந்தத் துறையில் இவளுக்கு இனி என்ன இருக்கிறது என்ற கேள்வி, படத்தில் சுத்தமாகக் காணாமல் போயிற்று. ஹாரிஸ் தப்பான பதிலைச் சொன்னார். ஸ்காட் கேள்வியையே அழித்துவிட்டார்.

அந்த முடிவை நாவலில் உள்ளபடி இன்றுவரை யாரும் படமாக்கவில்லை. 2013 முதல் 2015 வரை ஓடிய 'ஹானிபல்' டி.வி. தொடர், புளோரன்ஸ் கதையை எடுத்துக்கொண்டது. அதில் ஸ்டார்லிங்கே கிடையாது. 2021ல் 'கிளாரிஸ்' என்று அவள் பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. கதை நடப்பது 1993ல், ஆட்டுக்குட்டிகளின் கதைக்கு ஒரு வருடம் கழித்து. மீன் மார்க்கெட்டும் கடலோர வீடும் அதில் இல்லை. உரிமைச் சிக்கலால் அதில் யாரும் லெக்டரின் பெயரை உச்சரிக்கக்கூட முடியவில்லை. தொடர் ஒரே சீசனோடு நின்றுவிட்டது.